தண்ணீர் டியூபில் வந்த கோடு

கேள்வி: பிளஸ் ஒன் முடித்த கையோடு, கோடை விடுமுறையில் ஒரு கல்லூரியின் உயிரித் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு மூன்று வாரம் போனேன். முதல் வாரம் முழுக்க டிப் பெட்டி அடுக்கினேன். மைக்ரோபிப்பெட்டில் தண்ணீரை எடுத்து எடுத்து விட்டேன். கடைசி வாரம்தான் நெல் இலையிலிருந்து டிஎன்ஏ பிரித்து, பிசிஆர் செய்யச் சொன்னார்கள். ஜெல்லில் பார்த்தால், டிஎன்ஏவே போடாமல் தண்ணீர் விட்ட டியூபுக்கும் கோடு வந்துவிட்டது. ஆராய்ச்சி மாணவி அக்கா திட்டவில்லை. “சரி, ஒரு சனிக்கிழமை வா, திரும்பப் போடலாம்” என்றார். அதற்குள் பள்ளியில் அறிக்கை கேட்கிறார்கள். தண்ணீர் டியூபின் வரிசையை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிடலாமா? எனக்கெல்லாம் ஆராய்ச்சி சரிப்பட்டு வருமா?
— பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: வெட்டாதீர்கள். அன்றைக்குத் தன் வேலையைச் சரியாகச் செய்தது அந்த ஒரு டியூப்தான்.

அதில் பிரைமர், என்சைம் எல்லாம் இருக்கும். டிஎன்ஏ மட்டும் இருக்காது. கலவையில் வேண்டாத டிஎன்ஏ எங்கிருந்தாவது புகுந்திருந்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றே வைக்கிற டியூப் அது. அது இல்லையென்றால், மற்ற டியூபுகளில் வந்த கோடு நீங்கள் பிரித்த டிஎன்ஏவால்தான் வந்தது என்று நம்பி, சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

பிசிஆர் முறையை 1983-ல் யோசித்தவர் கேரி மலிஸ். அதற்காக 1993-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணி வைத்த கதைதான் இதன் கணக்கும். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகும். ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனால்கூட, 30 சுற்று முடியும்போது கணக்குப்படி அது 107 கோடி. பிப்பெட்டின் நுனியில் ஒட்டிய, கண்ணுக்கே தெரியாத துளி போதும், தண்ணீர் டியூபில் கோடு வந்துவிடும். அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும். உங்கள் அக்கா திட்டாததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்த முறை போகும்போது, முதலில் பழைய படத்தை எடுத்து அந்தக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மற்ற கோடுகளுக்கெல்லாம் கீழே, ஜெல்லின் அடிப்பக்கம் மங்கலாக இருந்தால், அது பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. நெல் டிஎன்ஏவின் கோட்டுக்கு நேராக இருந்தால் கலப்படம். அப்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள்; எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். ஒரு டியூபில் தண்ணீரை மட்டும் புதிதாக மாற்றுங்கள், இன்னொன்றில் பிரைமரை மட்டும். எந்த டியூபில் கோடு மறைகிறதோ, அதில் மாற்றிய பொருள்தான் கெட்டிருந்தது. எதிலுமே மறையவில்லை என்றால் பிப்பெட்டையும் மேசையையும் சந்தேகப்படுங்கள். ஜெல் ஓட்டுகிற மேசையில் கலவை தயாரிக்காதீர்கள். டிஎன்ஏவைக் கடைசியாகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் புது டிப்.

தண்ணீர் எடுத்து விட்ட வாரத்தை வீண் என்று நினைக்கிறீர்கள். பிப்பெட்டை அழுத்தும் கட்டைவிரல் முதல் தடையில் நிற்க வேண்டுமா, இரண்டாவது தடைவரை போக வேண்டுமா என்பது புத்தகத்தில் படித்து வருவதில்லை. ஒன்று செய்து பாருங்கள்: 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் தராசில் விட்டால் 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். பத்து முறை விட்டு, பத்து எடையையும் எழுதுங்கள். உங்கள் கை எவ்வளவு தடுமாறுகிறது என்று அந்தப் பத்து எண்ணும் சொல்லிவிடும்.

அறிக்கைக்கு வருவோம். வெட்டிவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பிராக்டிகல் வகுப்பில் நம் பியூரெட் 10.4 காட்டும்; பக்கத்து மேசையில் 10.2 என்று காதில் விழும். ரெக்கார்டு நோட்டில் 10.2 ஏறிவிடும். நானும் ஏற்றியவன்தான். அங்கே விடை முன்பே தெரியும். அதைத் தொட்டால் மதிப்பெண். ஆய்வகத்தில் விடையை ஒளித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆசிரியர் கிடையாது. அதனால்தான் அங்கே பேனாவால் எழுதச் சொல்கிறார்கள், தேதி போடச் சொல்கிறார்கள், தப்பை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கச் சொல்கிறார்கள். முழுப் படத்தையும் ஒட்டி, “தண்ணீர் டியூபிலும் கோடு வந்தது, எனவே இந்த முடிவை ஏற்க முடியாது, மறுபடி செய்ய வேண்டும்” என்று எழுதுங்கள். இந்த மூன்று வரிதான் உங்கள் அறிக்கையின் சாரம்.

சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது, ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளிப்பட்டைகள் இருபுறமும் சமமாக விழாததைக் கவனித்தார். கருவி சரியில்லை என்று ஒதுக்கியிருக்கலாம். அவரோ அதையே துருவிப் பார்த்தார். அதுதான் 1906-ல், 18 வயதில், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரையானது.

சரிப்பட்டு வருமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். அந்தச் சனிக்கிழமை தெரிந்துவிடும். ஜெல்லை விளக்கின்மேல் வைத்ததும் உங்கள் கண் முதலில் தண்ணீர் வரிசைக்குப் போய், அங்கே ஒன்றுமே இல்லாததைப் பார்த்து மனம் துள்ளினால், தாராளமாக இந்தப் பக்கம் வாருங்கள்.