தூரிகை எழுத்துரு: லேபிள் வடிவமைப்போருக்கு

சிவகாசிப் பட்டாசு லேபிளில் படத்தோடு எழுத்தும் வெடிக்க வேண்டும். முன்பு அந்த வேகம் ஓவியரின் கையிலிருந்து வந்தது. இப்போது டேப்லெட்டில் தூரிகை எழுத்துருவாகவே கிடைக்கிறது.

வாங்குமுன் 'ஸ்ரீ, டூ, ணை, கொ, ஞ்சு' என்று தட்டிப் பாருங்கள். 'அ'வும் 'க'வும் எந்த எழுத்துருவிலும் அழகாகத்தான் இருக்கும். சுழியும் கொம்பும்தான் குட்டை உடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோட் அல்ல. டேப்லெட் கீபோர்டில் தமிழில் தட்டினால் அவற்றின் வடிவம் வராது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக உள்ள 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்து பாணி. பழகிப் பார்க்க நல்லது.

பட்டாசின் பெயருக்கு மட்டும் தூரிகை எழுத்து போதும். விலை, எச்சரிக்கை, தயாரிப்பாளர் முகவரிக்கெல்லாம் சாதாரண எழுத்தே சரி. பெட்டியின் பக்கவாட்டில் தூரிகை எழுத்தைப் போட்டால் கடைக்காரராலேயே படிக்க முடியாது.

அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து விடுகிறீர்களா? நான்கு வண்ண அச்சில் நிறம் மயிரிழை விலகினாலும் மெல்லிய கோடு அடைத்துவிடும். கொஞ்சம் தடிமன் கூட்டுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஏமாற வேண்டாம். உண்மை அளவில் ஒரு பிரிண்ட் எடுங்கள்.

எழுத்துருவின் உரிமத்தில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்றிருந்தால் அதை லேபிளில் போடக் கூடாது. அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள், கடைசி நேரத்தில் பெயரை மாற்றச் சொல்வார்கள்.