நற்பிட்டிமுனையில் வளவுகள் ஏன் நெருக்கம்?

கேள்வி: நற்பிட்டிமுனை கிழக்கிலங்கையின் கல்முனையோடு சேர்ந்த ஊர்தானே? அங்கே ஏன் வீடுகள் இவ்வளவு நெருக்கம்?

பதில்: சேர்ந்ததுதான், கல்முனை மாநகர சபைக்குள் வருகிறது. ஆனால் கடற்கரையில் இல்லை. நகரத்துக்கு மேற்கே, வயல் பக்கமாக இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் தென்கோடியும் இந்தப் பக்கந்தான். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்.

தமிழரும் முஸ்லிம்களும் அயலுக்கு அயல். இரு சாராரிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். நாலு பெண்பிள்ளைகள் என்றால் வளவு நாலாகும். பேத்திமார் காலத்தில் இன்னும் துண்டாகும். கிழக்கே நகரம், மேற்கே வயல். ஊர் எங்கே விரிவது? பழைய வரலாற்றைவிட இந்தச் சீதன வீடுதான் ஊரின் உருவத்தைத் தீர்மானித்தது என்பேன். இப்போது வயலை நிரப்பியும் வீடு எழும்புகிறது. மாரி வெள்ளம் முதலில் தேடி வருவதும் அந்தப் பள்ளக் காணிகளைத்தான்.