தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்ற சிற்றூர். அங்கே முதன்முதலாகப் போகும் தமிழருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். அறுவடை முடிந்ததும் வயலில் மறுபடி தண்ணீர் கட்டுகிறார்கள். குளிர் தொடங்கியதும் வடக்கேயிருந்து மல்லார்ட் வாத்துகள் கூட்டங்கூட்டமாக அதில் வந்து இறங்கும். வாத்து வேட்டைக்காரர்கள் பின்னாலேயே வருவார்கள்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. அதனால் அமெரிக்காவில் குடியேறி, பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகும் நம்மவர்களில் பலருக்குத் துப்பாக்கி பற்றிச் சொல்லித்தர அப்பாவோ மாமாவோ கிடையாது. அங்கே இங்கே காதில் விழுந்ததை நம்பி வாங்குகிறோம். போன செப்டம்பரில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, மூன்றரை அங்குலத் தோட்டா போடுற செமி ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். பெருசா இருந்தா தூரத்துல போறதையும் அடிக்கலாம்ல?”

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தப்பான துப்பாக்கி வாங்கினால் நட்டம் பணத்தோடு போவதில்லை. இரண்டு ரவை மட்டும் பட்டு, தத்தளித்துப் பறந்து, நாணலுக்குள் விழுந்து, நாயாலும் கண்டுபிடிக்க முடியாமல் சாகிற வாத்து ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்றை நான் தொலைத்திருக்கிறேன். அரை நாள் தேடியும் கிடைக்கவில்லை.

“பெரிய தோட்டா தூரம் போகும்.”

போகாது. மூன்றரை அங்குலத் தோட்டாவில் ரவைகள் கூடுதலாக இருக்கும். அவை வேகமாகப் போகும் என்பதில்லை. 2ஆம் எண் எஃகு ரவை ஓர் அவுன்ஸுக்குச் சுமார் 125 இருக்கும். மூன்று அங்குலத் தோட்டாவில் வழக்கமான ஒன்றேகால் அவுன்ஸ் என்றால் 156. மூன்றரையில் ஒன்றரை அவுன்ஸ் போட்டால் 187. இந்த முப்பது ரவைக்காகத் தோள் வாங்கும் உதை கொஞ்சநஞ்சமல்ல. நான்கைந்து முறை சுட்டதும் உடம்பு பயந்துபோய், விசையை இழுக்கும் கணத்தில் தானாகச் சுருங்கும், கண் மூடிக்கொள்ளும். குறி அங்கேயே போயிற்று.

தூரத்து வாத்து தப்புவதற்குக் காரணம் வேறு. மணிக்கு 40 மைல் வேகத்தில் பறக்கும் மல்லார்ட் ஒரு நொடியில் ஏறக்குறைய 60 அடி கடக்கிறது. 40 கஜம் தாண்டி ரவை போய்ச் சேருவதற்குள் அது சுமார் ஏழு அடி முன்னால் போயிருக்கும். அந்த ஏழடியைக் கணித்துத் துப்பாக்கியை வீசத் தெரியாதவருக்கு 187 ரவையும் வெறும் காற்றில்தான். நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று அங்குலம் தாராளம். பெரிய வாத்தினங்களை மட்டுமே குறிவைப்பவர் மூன்றரை வாங்கட்டும், அதில் குற்றமில்லை.

அடுத்து, எல்லோரும் வாதாடும் விஷயம். வெடிவாயுவில் இயங்குவதா, நிலைம விசையில் இயங்குவதா?

முதல் வகையில் குழலில் உள்ள சிறு துளைகள் வழியாக வாயுவில் ஒரு பங்கு பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னுக்குக் கொண்டுபோய் அடுத்த தோட்டாவை ஏற்றும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகையை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இரண்டாவது வகையை இத்தாலியின் உர்பினோவிலிருந்து பெனெல்லி கொண்டுவந்தது. துப்பாக்கி முழுவதும் பின்னுக்கு உதைக்கையில் கனமான போல்ட் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வாரே, அதே விதிதான். அந்தக் கணத்தில் உள்ளே ஒரு குட்டை வில்சுருள் அமுங்கி, மறுகணம் விரிந்து போல்ட்டைப் பின்னுக்கு எறிகிறது. வாயு உள்ளே வராததால் கரி குறைவு, உறுப்புகள் குறைவு, எடையும் பெரும்பாலும் குறைவு.

இதைக் கேட்டவர்கள் “நிலைம வகை சிக்கவே சிக்காது, வாயு வகை சேற்றில் மாட்டிக்கொள்ளும்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே மாட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றும் அதனதன் வழியில். வாயு வகையில் கரி படியும். சில நூறு தோட்டாவுக்கு ஒருமுறை பிஸ்டனைக் கழற்றித் துடைக்க வேண்டும். நிலைம வகை தடையின்றிப் பின்னுக்கு நகர்ந்தாக வேண்டும். அப்படி நகர விடாமல் அசையாத எதிலாவது ஊன்றிச் சுட்டாலோ லேசான தோட்டா போட்டாலோ முரண்டு பிடிக்கும்.

நிலைம வகையின் இன்னொரு சிக்கலை நானே அனுபவித்தேன். பொழுது புலர இன்னும் கால் மணி நேரம். தண்ணீர் முழங்காலுக்கு மேல், விளிம்பில் ஐஸ் கட்டியிருந்தது. சத்தம் வரக்கூடாது என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக முன்னுக்கு விட்டேன். நேரம் வந்தது. பொம்மை வாத்துகளுக்கு நடுவே ஐந்து மல்லார்டுகள் இறக்கையை விரித்து, ஆரஞ்சுக் கால்களை நீட்டி இறங்கின. விசையை இழுத்தேன். “டிக்.” அவ்வளவுதான். போல்ட்டின் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளவில்லை. இந்த வகையில் போல்ட்டை முழு வேகத்தில் அறைந்து மூடவிட வேண்டும். துப்பாக்கி எங்காவது இடித்துக்கொண்டால் போல்ட்டின் கைப்பிடியை முன்னுக்குத் தள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்றவர் இதைச் சொல்லவில்லை.

வாயு வகையில் உதையே இருக்காது என்பதும் பாதி உண்மை. ரவையும் வாயுவும் முன்னே போகும் உந்தத்துக்குச் சமமானது பின்னே வந்தே தீரும். வாயு வகை அதைக் கொஞ்சம் நீட்டி, ஒரே குத்தாக இல்லாமல் தள்ளுதலாகத் தருகிறது. ஒரு நாளில் நூறு தோட்டா பயிற்சி செய்பவருக்கு அந்த வேறுபாடு பெரிது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் வாயு வகையையே சொல்வேன்.

“பழைய பெல்ஜியத் துப்பாக்கிக்கு நிகர் எதுவுமில்லை.”

இதைச் சொல்பவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஜான் மோசஸ் பிரவுனிங் உருவாக்கிய ஆட்டோ-5தான் வெற்றிகரமாகப் பரவிய முதல் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன். அதை விற்க வின்செஸ்டர் நிறுவனத்தோடு அவர் நடத்திய பேச்சு முறிந்தது. ரெமிங்டன் நிறுவனத் தலைவரைப் பார்க்கக் காத்திருந்த வேளையில் அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்தார். கடைசியில் பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்துக்குப் போனார். கூன்முதுகுள்ள அந்தத் துப்பாக்கி கிட்டத்தட்ட நூற்றாண்டு காலம், 1998 வரை வந்தது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

ஆனால் அது ஈயக் காலத்துத் துப்பாக்கி. சுட்டுச் சிதறிய ஈய ரவைகளைக் கூழாங்கல் என்று விழுங்கிய வாத்துகள் நஞ்சேறிச் செத்தன. அதனால் 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் கூடாது. எஃகு நசுங்காது, பழைய குழலின் இறுகிய வாயை அது கெடுத்துவிடும். பெல்ஜியத்தில் செய்த ஆட்டோ-5 குழல்களில் எஃகு போடாதீர்கள் என்று பிரவுனிங் நிறுவனமே சொல்கிறது. தாத்தா துப்பாக்கியோடு போக ஆசையென்றால் பிஸ்மத் ரவை வாங்குங்கள். விலை கூடுதல்தான். புதிய துப்பாக்கியில் எஃகுக்கு ஃபுல் சோக் (மிக இறுகிய குழல்வாய்) வேண்டாம், மாடிஃபைடு (ஓரளவு இறுகியது) போதும். எஃகு தானாகவே நெருக்கமாகப் போகும்.

நீண்ட குழல் வேகத்தைக் கூட்டும் என்பார்கள். வெடிமருந்து குழலின் முதல் பாதியைத் தாண்டுமுன்பே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது. 26 அங்குலமோ 28 அங்குலமோ, வீசுவதற்கு எது இசைகிறதோ அது. செமி ஆட்டோமேட்டிக் என்றால் சரமாரியாகச் சுடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஓர் இழுப்புக்கு ஒரு வெடி. வலசைப் பறவை வேட்டையில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி மேகசினில் அடைப்பு இருக்க வேண்டும் என்பது 1935 முதல் சட்டம்.

தம்பியின் மனைவியும் வேட்டைக்கு வருகிறார். அவருக்கு 12 கேஜைவிடக் குழல் குறுகிய 20 கேஜ் துப்பாக்கி பார்க்கிறார்கள். நல்ல முடிவு, கனம் குறைவு, நெருங்கிய தூரத்தில் போதுமான பலம். ஆனால் ஒரே வீட்டில் 12உம் 20உம் இருந்தால் தோட்டாக்களைத் தனித்தனிப் பையில் வையுங்கள். 20 கேஜ் தோட்டா 12இன் அறைக்குள் நழுவிப்போய்க் குழலில் சிக்கி நிற்கும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது அதற்காகத்தான். மஞ்சளைக் கண்டால் நின்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கி உடம்புக்குப் பொருந்த வேண்டும். கடையில் டி-ஷர்ட்டோடு தோளில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. டிசம்பரில் போடும் கனத்த கோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னம் பின்கட்டையில் படிந்ததும் கண்ணைத் திறங்கள். குழலின் மேற்பட்டை கண்ணுக்கு நேர்கோடாகத் தெரிய வேண்டும். நம்மில் பலருக்குப் பின்கட்டை நீளம். கோட்டின் அக்குளில் மாட்டும். இப்போது பல துப்பாக்கிகளோடு மெல்லிய தகடுகள் தருகிறார்கள். கட்டைக்கும் துப்பாக்கியின் உடற்பகுதிக்கும் நடுவே வைத்தால் ஏற்ற இறக்கமும் பக்கச் சாய்வும் மாறும். பலர் அந்தப் பையைப் பிரிப்பதே இல்லை.

தம்பி கடைசியில் மூன்று அங்குல வாயு வகை ஒன்றை வாங்கினார். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, 40 கஜத்தில் பழுப்புக் காகிதம் விரித்து, நடுவில் கறுப்புப் புள்ளி வைத்துச் சுட்டார். ரவைகள் அடர்ந்த இடம் புள்ளிக்கு ஒரு சாண் மேலே, இடப்பக்கம் இருந்தது. மறுபடி இரண்டு தாள், அதே இடம். லாரியின் பின்கதவில் உட்கார்ந்து கட்டையைக் கழற்றி, தகட்டை மாற்றி முடுக்கினோம். ஐந்தாவது தாளில் புள்ளியைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, பேனாவால் ஒவ்வொரு துளையாகச் சுழித்து எண்ணினார். நூற்றைத் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தார். தாளைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டார்.