கிறிஸ்துமஸும் நமது கடையும்



கார்த்திகை தீபம் முடிந்த கையோடு விழுப்புரம் எம்.ஜி. ரோட்டிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் நடந்து பார்த்தால், மளிகைக் கடை வாசலில் இரண்டு பண்டிகைகள் ஒன்றாக நிற்பதைக் காணலாம். ஒரு பக்கம் இருமுடிச் சாமான்கள், நெய், கற்பூரம், அவல். மறுபக்கம் காகித நட்சத்திரமும் பிளம் கேக் அட்டைப் பெட்டிகளும். மேலே ஒரு பேனர். அதில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றுக்கும் சேர்த்து நல்வாழ்த்துக்கள். ஒரு செலவில் மூன்று வேலை. வியாபாரி புத்தி!

வாசலில் நாம் எழுதும் அந்த வாழ்த்து கடைக்குள் மூட்டை கட்டிக் கொண்டிருக்கும் கிறிஸ்தவச் சிப்பந்திக்கும் சேருகிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாம் படிக்க வேண்டிய விஷயம். இதை எழுதத் தூண்டியது நம் கடையில் நாமே செய்த ஒரு தவறு. அதற்கு முன்னால், வெளியே செய்யும் விளம்பரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம்.

நம்மைப் போன்ற மொத்த வியாபாரிக்குப் பெரிய விளம்பரம் தினசரி காலண்டர்தான். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புதிய ஆல்பம் வெளியிடுவார்கள். அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் மார்கழியில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். ஒரு ஆண்டு முழுவதும் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் நம் கடைப் பெயர் தொங்குகிறது. இதைவிட மலிவான விளம்பரம் வேறு இல்லை. ஆனால் எந்தப் படத்தை எந்த வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கிறிஸ்தவர் என்றால் எல்லோரும் ஒன்று என்று நாம் நீண்ட காலம் நினைத்திருந்தோம். முகையூர் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள் வாழ்கிறார்கள். வேளாங்கண்ணி மாதா படம் போட்ட காலண்டரைக் கொடுத்தால் கண்ணில் ஒற்றி வாங்கிக் கொள்வார்கள். திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் வேரூன்றிய காலம் தொட்டு சீர்திருத்த சபையார் அதிகம். (வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் டாக்டருக்குப் படிக்க முடிவெடுத்ததும் இதே திண்டிவனத்தில்தான். 1890 வாக்கில் ஒரே இரவில் மூன்று வீடுகளில் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து, ஆண் மருத்துவர் கூடாது என்று திரும்பிப் போக, மூன்று தாய்மார்களும் இறந்துபோனதைப் பார்த்து எடுத்த முடிவு அது.) தென்னாற்காட்டில் லுத்தரன் சபையாரும் உண்டு. இவர்கள் வீட்டில் வேதவசனம் போட்ட காலண்டரையோ இயற்கைக் காட்சியையோ விரும்புவார்கள். பெந்தெகொஸ்தே சபையார் வீட்டில் சாமி படம் எதையும் மாட்ட மாட்டார்கள். ராகு காலம், எமகண்டம் அச்சிட்ட தாளும் அவர்களுக்கு வேண்டாம். நாம் ஒரு முறை போதகர் ஒருவர் வீட்டுக்கு மாதா படக் காலண்டரைப் பெருமையாக அனுப்பிவிட்டோம். அவர் பெரிய மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சாமான் வாங்க வந்தபோது, "முதலாளி, வசனக் காலண்டர் இருந்தா ஒண்ணு கொடுங்களேன்" என்று மட்டும் கேட்டார்.

பெரிய கம்பெனிகள் இந்தப் பண்டிகையை எப்படிப் பயன்படுத்தின என்பதும் அறிந்துகொள்ள வேண்டியதே. சிவப்புச் சட்டை கிறிஸ்துமஸ் தாத்தாவை உண்டாக்கியதே கோகோ கோலா கம்பெனிதான் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் நாஸ்ட் என்ற அமெரிக்க ஓவியர் அவரை வரைந்துவிட்டார். 1931 முதல் ஹேடன் சண்ட்ப்ளோம் என்பவரை வைத்து வரைந்து, அந்தத் தாத்தாவை உலகம் முழுவதும் பரப்பியதுதான் கோகோ கோலா செய்த வேலை. ஜப்பான் கதை இன்னும் விசித்திரம். அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். டிசம்பர் 25 விடுமுறை நாள்கூட இல்லை. ஆனால் 1974இல் கே.எஃப்.சி. கம்பெனி கிறிஸ்துமஸுக்குக் கோழி வறுவல் என்று விளம்பரம் செய்து, அதையே நாட்டு வழக்கமாக்கிவிட்டது.

ஜப்பானில் கும்பிடுகிறவர் குறைவு, வாங்குகிறவர் அதிகம். அங்கே அது செல்லும். நம் ஊரில் அப்படி இல்லை. நம்மிடம் மைதாவும் டால்டாவும் பண்ருட்டி முந்திரியும் வாங்கிப் போகிறவர் நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவர். பக்கத்து வீட்டுக்காரர், நம் பிள்ளைக்குப் பாடம் சொன்ன டீச்சர், நம் கடையில் எடை போடுகிறவர். வாழ்த்து உண்மையா, வெறும் பேனரா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது நம் தவறுக்கு வருகிறோம்.

நம் கடையில் சரக்குக் கட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். கத்தோலிக்கர். 19 ஆண்டுகள் நம்மிடம் வேலை பார்த்தவர். மொத்தக் கடை என்பதால் டிசம்பர் 25 அன்று நாம் கடை அடைப்பதில்லை. அரசு விடுமுறை நாளில்தான் கிராமத்துச் சில்லறை வியாபாரிகள் நிதானமாகச் சரக்கு எடுக்க வருவார்கள். பெரியவர் 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடித்து, விடியற்காலை பஸ் பிடித்து எட்டு மணிக்குக் கடையில் நிற்பார். மதியம் இரண்டு மணிக்கு அவரை அனுப்பிவிடுவோம். கையில் ஒரு கேக், நூறு ரூபாய். அதையே பெரிய தர்மமாக நினைத்திருந்தோம்.

ஒரு ஆண்டு பிள்ளைகள் சொன்னார்கள் என்று கடையிலேயே கிறிஸ்துமஸ் விழா வைத்தோம். கல்லாவுக்கு முன்னால் மேஜை போட்டு, பெரிய கேக்கை நாமே வெட்டி, போட்டோ எடுத்தோம். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அந்தப் போட்டோ போயிற்று. செஞ்சி பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் அடுத்த வாரம் வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன முதலாளி, கேக்கை நீங்க வெட்டுறீங்க, பண்டிகைக்காரரு பின்னால மூட்டை தூக்கிக்கிட்டு நிக்கறாரு?"

போட்டோவை எடுத்துப் பார்த்தோம். உண்மைதான். தோளில் சர்க்கரை மூட்டையோடு பெரியவர் பின்னால் நிற்கிறார். முகம் பாதிதான் தெரிகிறது.

அன்று மாலை அவரைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இத்தனை வருஷத்தில ஒரு தடவையாவது லீவு கேட்டிருக்கலாமே?" என்றோம். "தீபாவளிக்குக் கடையே லீவு முதலாளி. அதுல எனக்கும் கிடைக்குது. அதுக்கு மேல கேட்டா நல்லாருக்குமா? பூசையில எம்பொண்ணு பாடுவா, அதைக் கேட்டுட்டு அப்படியே பஸ் ஏறிடுவேன்" என்றார்.

தனக்குப் பண்டிகை இல்லாத நாளில் விடுமுறை, பண்டிகை நாளில் வேலை. 19 ஆண்டுகள் இப்படி நடந்திருக்கிறது. நாம் கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவர்கள். இந்தக் கணக்கு மட்டும் கண்ணில் படவில்லை.

பிறகுதான் சட்டத்தையும் விசாரித்தோம். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, பண்டிகைக்காக இன்னும் ஐந்து நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். இது ஆலைகளுக்கு மட்டும் அல்ல, கடைகளுக்கும் உண்டு. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. ஐந்து பண்டிகை எவை என்று பட்டியல் எழுதும்போது பெரும்பாலும் நம் வீட்டுப் பண்டிகைகளையே எழுதிவிடுகிறோம். சிப்பந்திகளைக் கேட்டு எழுதினால் இந்தச் சங்கடமே வராது.

போனஸ் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கிறிஸ்தவச் சிப்பந்திகள் போனஸைக் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்பார்கள். சிறிய கடைகளில் தாராளமாக அப்படிச் செய்யலாம். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் போனஸ் சட்டப்படியானது. கணக்கு ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மார்ச் 31 கணக்கு முடித்தால் நவம்பர் 30 கடைசி நாள். டிசம்பர் 20 என்பது காலதாமதம். அத்தகையவர்கள் போனஸை உரிய காலத்தில் கொடுத்து, கிறிஸ்துமஸுக்கு முன்பணமோ பண்டிகைச் சாமானோ தனியாகக் கொடுப்பது நல்லது. பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். காலண்டரையும் சேர்த்து ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேக் பற்றி ஒரு வார்த்தை. முட்டை சேர்த்த கேக்குக்கு அசைவக் குறி உண்டு. முன்பு பழுப்பு வட்டம், இப்போது பழுப்பு முக்கோணம். மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில்தான் வருகிறது. அதனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் மாலை போட்ட பையன்கள் கடையில் இருப்பார்கள். நம் விழாவில் அப்படி ஒரு பையன் கையில் கேக்கைத் திணித்துவிட்டு, அவன் விழித்ததைப் பார்த்த பிறகுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். இப்போது முட்டையில்லாத கேக்தான் வாங்குகிறோம். சாண்டா தொப்பி போட்டுப் பையன்களை வாசலில் நிறுத்துவதும் நமக்குப் பிடிக்கவில்லை. நிறுத்துகிறவர்கள் அவர்களைக் கேட்டுவிட்டு நிறுத்தட்டும். விற்பனைக்கு வாங்கும் கேக்கை 26ஆம் தேதி யாரும் சீந்த மாட்டார்கள். திரும்ப எடுப்பார்களா என்று கம்பெனியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பெரியவர் பேசிய அந்த ஆண்டுக்குப் பிறகு ஏற்பாட்டை மாற்றினோம். கிறிஸ்தவச் சிப்பந்திகளுக்கு 24 மதியத்திலிருந்து 25 முழுவதும் விடுப்பு. மற்றவர்கள் கடையைப் பார்த்துக்கொள்வார்கள். தீபாவளி அன்று குடோனைத் திறந்து பார்க்கவேண்டி வந்தால் கிறிஸ்தவச் சிப்பந்திகள், "நாங்க பாத்துக்கறோம்" என்று வருகிறார்கள். அதற்கு இரட்டைச் சம்பளம். முதல் ஆண்டு 25ஆம் தேதி ஆள் போதாமல் நாமே தராசில் நின்றோம். முதுகு பிடித்துக்கொண்டது. சில வாடிக்கையாளர்கள் காத்திருக்க மாட்டாமல் எதிர்க்கடைக்குப் போனார்கள். நஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். இரண்டாம் ஆண்டு, 24ஆம் தேதிக்குள் சரக்கு எடுத்துக்கொள்ளும்படி சில்லறை வியாபாரிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டதால் கூட்டம் பிரிந்துகொண்டது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நம் யாருக்கும் மறக்காது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கால் கிலோ முந்திரி வாங்குகிறவர்கள் 50 கிராம் வாங்கினார்கள். அரசு கொடுத்த 2,000 ரூபாய் பலருக்கு அரிசி, பருப்புக்கே போயிற்று. அந்த ஆண்டு பேனரும் அடிக்கவில்லை, கேக்கும் வெட்டவில்லை. அந்தப் பணத்தில், தண்ணீர் புகுந்த வீட்டுச் சிப்பந்திகளுக்கு மதம் பார்க்காமல் அரிசி, எண்ணெய், பாய் கொடுத்தோம். பேனர் இல்லாததால் ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை. (2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு இளம்பெண் இறந்த பிறகே நமக்குப் பேனர் மேல் ஆசை குறைந்துவிட்டது. அனுமதி இல்லாமல் யாரும் வைக்க வேண்டாம்.) அதிலிருந்து வாசலில் ஒரு நட்சத்திரம் மட்டும். அதையும் கடைச் சிப்பந்திகளே கட்டுகிறார்கள்.

பெரியவர் இப்போது வேலைக்கு வருவதில்லை, முழங்கால் வலி. அவர் இடத்துக்கு வந்திருக்கும் பையன் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். அவனிடம், "தம்பி, 25ஆம் தேதி உனக்கு லீவு" என்று நாமே முந்திக்கொண்டு சொன்னோம். "வேண்டாங்க முதலாளி, எங்க சபையில கிறிஸ்துமஸ் கொண்டாடறது இல்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைதான் எங்களுக்கு முக்கியம். ஜனவரி 1 கொடுத்தாப் போதும்" என்றான். ஜனவரி 1 என்று நோட்டில் எழுதிக்கொண்டோம்.