மூச்சிரைப்பும் இன்ஹேலரும் – நாம் அறிய வேண்டியவை



நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி, மருந்து வாங்க இயலாத ஆஸ்துமா நோயாளிகளின் கையில் இன்ஹேலராகப் போய்ச் சேருகிறது. ஆனால் இன்ஹேலரைக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. சரியாக உபயோகிக்கத் தெரியாதவருக்கு அது பாதிப் பலன்கூடத் தராது. அதை மட்டுமே நம்பியிருப்பவருக்கோ, வரப்போகும் ஆபத்தை அது மறைத்துவிடும். உங்கள் குடும்பத்திலும் சபையிலும் இழுப்பு நோயுள்ளவர்கள் இருக்கலாம். ஆகவே நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை இந்த இதழில் உங்களுக்கும் தருகிறோம்.

மூச்சுக்குழாயில் நடப்பது என்ன?

ஆஸ்துமாவில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. அதன் உட்சுவர் வீங்குகிறது. உள்ளே சளி சேருகிறது. சல்பூட்டமால் போன்ற மருந்துள்ள இன்ஹேலர், இறுகிய தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகும். அந்தச் சுகம் சுமார் 4 முதல் 6 மணி நேரம் இருக்கும். ஆனால் வீக்கத்தை அது குறைப்பதில்லை. வீக்கத்தைக் குறைப்பது புடசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். முதலாவது நிவாரண மருந்து; இரண்டாவது தடுப்பு மருந்து. தடுப்பு மருந்து உடனே சுகம் தராது. மருத்துவர் சொன்னபடி ஒழுங்காக எடுத்து வந்தால்தான் பலன் தெரியும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உடனே சுகம் தருவதை வைத்துக்கொண்டு, மற்றதை நிறுத்திவிடுகிறார்கள்.

சரித்திரம் தரும் எச்சரிப்பு

அழுத்தினால் அளவாக மருந்து வெளிவரும் இன்ஹேலர் 1956-ல் விற்பனைக்கு வந்தது. 1960-களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆஸ்துமாவால் இறந்த இளவயதினரின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. ஐசோபிரினலின் என்ற மருந்தை அதிக வீரியத்தில் தந்த இன்ஹேலர்கள் இதற்கு முக்கிய காரணமாகக் கருதப்பட்டன. 1970-களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் அதே துயரம் ஃபெனோடெரால் என்ற மருந்தோடு மறுபடியும் நேர்ந்தது.

இன்று நாம் தரும் சல்பூட்டமால் அவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனாலும் பாடம் மாறவில்லை. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியே தரக்கூடாது, ஸ்டீராய்டு மருந்தும் சேர வேண்டும் என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-ல் அறிவித்தது. ஃபார்மோடெரால், புடசோனைடு என்ற இரண்டும் சேர்ந்த இன்ஹேலரையே சிலருக்கு மருத்துவர்கள் நிவாரணத்துக்கும் தருவது இதனால்தான்.

எண்ணிப் பாருங்கள்

வாரத்தில் இரண்டு தடவைக்குமேல் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அறியுங்கள். 200 பஃப் கொண்ட குப்பிகள் ஆண்டுக்கு மூன்று, அதற்குமேல் தீர்ந்தால் கடுமையான இழுப்பு வரும் அபாயம் அதிகம். மாதம் ஒரு குப்பி தீருமானால் உயிருக்கே அபாயம் கூடுகிறது. அப்போது அடுத்த குப்பி வாங்க மருந்துக் கடைக்குப் போகாமல், முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

உபயோகிக்கும் முறை

1. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதியில் தூசி இல்லையா என்று பாருங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். புதியதானால், அல்லது பல நாள் உபயோகிக்காமல் இருந்தால், குறிப்புத்தாளில் சொன்னபடி சில பஃப் வெளியே அடித்துவிடுங்கள்.

2. நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.

3. வாய்ப்பகுதியைப் பற்களுக்கு நடுவே வைத்து உதடுகளால் இறுக மூடுங்கள்.

4. மெதுவாக மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்துங்கள். தொடர்ந்து ஆழமாக இழுங்கள்.

5. 10 விநாடி, அல்லது முடிந்தவரை, மூச்சை அடக்கிப் பின்பு விடுங்கள்.

6. இன்னொரு பஃப் தேவையானால் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடியும் குலுக்கி எடுங்கள்.

7. ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலரானால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையேல் வாயில் வெண்படலமும் தொண்டைக் கம்மலும் வரலாம்.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பொடி இன்ஹேலருக்கு முறை வேறு. அதில் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரைபோல விழுங்கக்கூடாது.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் கைகூடாதவர்களுக்கு ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் கூடு பேருதவி. சிறு குழந்தைகளுக்கு அதோடு முகமூடியும் தேவை. சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் தானே உலரவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தை மருத்துவர்கள் 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலை ஸ்பேசராக மாற்றிச் சோதித்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசரைப்போலவே அதுவும் பயன் தந்தது என்று 1999-ல் வெளியிட்டார்கள். ஏழைக்கும் இந்த உதவி எட்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

தவறான எண்ணங்கள்

"இன்ஹேலர் பழகிவிடும், கடைசியில்தான் எடுக்க வேண்டும்" என்பார்கள். இது அடிமைப்படுத்தும் மருந்தல்ல. உண்மையில் மாத்திரையில்தான் மருந்தின் அளவு அதிகம். சல்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் என்றால், ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நேரே நுரையீரலுக்குப் போவதால் அதுவே போதுமானதாகிறது. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் சிலருக்கு வரும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

உங்கள் இன்ஹேலரை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். இருதய பலவீனத்தாலும் மூச்சிரைக்கும். அதற்கு வைத்தியம் வேறு. கண் நீர் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து, இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், வலிக்கான ஆஸ்பிரின் ஆகியவை சிலருக்கு இழுப்பைத் தூண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமா இருப்பதை முதலில் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் பயந்து தாங்களாகவே மருந்தை நிறுத்தக்கூடாது. கட்டுப்படாத இழுப்பே தாய்க்கும் சிசுவுக்கும் அதிகக் கேடு.

அவசர நேரத்தில்

நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக 4 பஃப் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 4 முறை மூச்சு இழுக்கட்டும். 4 நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் மறுபடியும் 4 பஃப் கொடுத்து, உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இப்படியே தொடருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், தூக்கக் கலக்கம் ஆகியவை கண்டால் சிறிதும் தாமதிக்கக்கூடாது. திணறிக்கொண்டிருப்பவரின் நெஞ்சில் விசில் சத்தம் நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்று அதற்குப் பொருளாக இருக்கலாம். ஜெபித்துக்கொண்டே புறப்படுங்கள், ஜெபித்துவிட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திராதீர்கள்.

அன்பானவர்களே, நிவாரண இன்ஹேலரை மட்டும் கொடுத்தனுப்பினால் நோயாளி சிரித்த முகத்தோடு போவார். ஆனால் வீக்கம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். தடுப்பு மருந்தையும் ஸ்பேசரையும் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் அவர் இரவில் தூங்குகிறார், பகலில் வேலைக்குப் போகிறார், பிள்ளை பள்ளிக்குப் போகிறது. ஆஸ்துமா நோயாளிகளுக்கென்று நீங்கள் காணிக்கை அனுப்பும்போது இதை நினைவில் வையுங்கள். உங்கள் சபையில் இன்ஹேலர் வைத்திருப்பவரிடம், "தடுப்பு மருந்தும் எடுக்கிறீர்களா?" என்று அன்போடு கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

ஜெபக் குறிப்பு: இரவில் மூச்சுத் திணறி விழித்திருக்கும் நோயாளிகளுக்காகவும், அவர்களுக்குப் பொறுமையோடு கற்றுத்தரும் செவிலியர்களுக்காகவும், தடையின்றித் தடுப்பு மருந்து கிடைப்பதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.