வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி: 12டி படிவம் பற்றி அறிய வேண்டியவை



2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது நம் மஹல்லாவில் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். 87 வயதுடைய ஒரு மூதாட்டிக்குத் தபால் வாக்கு கேட்டு 12டி படிவம் கொடுக்கப்பட்டிருந்தது. அதிகாரிகள் வீட்டுக்கு வந்த நாளில் அவர் மகள் வீட்டில் இருந்தார். இரண்டாம் முறை வந்தபோதும் அங்கேயே இருந்தார். வாக்குப்பதிவு நாளில் விவரம் அறியாத நாம் அவரை ஆட்டோவில் ஏற்றி வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றோம். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் வாக்காளர் என்பதற்கான ‘பி.பி.’ குறி இருந்தது. விதிப்படி அவரை அனுமதிக்க முடியாது என்றார்கள். வீடு திரும்பும் வரை அந்த உம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தவறு அதிகாரிகளுடையது அல்ல, விதியைத் தெரிந்துகொள்ளாத நம்முடையது. இன்னொரு வீட்டில் அது நடக்காதிருக்கவே இதை எழுதுகிறோம்.

யாருக்கு இந்த வசதி?

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளில் 2019இல் ஒரு திருத்தம் வந்தது. 80 வயதைக் கடந்த முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே தபால் வாக்குச் சீட்டில் வாக்களிக்க அதில் வழி செய்யப்பட்டது. 2024 மார்ச்சில் அந்த வயது 85 ஆக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும்.

இது கட்டாயம் அல்ல. நடந்து செல்ல முடிந்தவர் வாக்குச்சாவடிக்கே போகலாம். ஆனால் 12டி கொடுத்து அது ஏற்கப்பட்டுவிட்டால் பிறகு சாவடியில் வாக்களிக்க முடியாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து நாள் கணக்கு

தேர்தல் தேதியைத் தொலைக்காட்சியில் சொல்வது வேறு, முறைப்படி அறிவிக்கை வெளியாவது வேறு. வேட்புமனு வாங்கத் தொடங்கும் நாளே அறிவிக்கை நாள். அதிலிருந்து ஐந்து நாட்களுக்குள் 12டி படிவம் தேர்தல் நடத்தும் அலுவலருக்குக் கிடைத்துவிட வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வந்து படிவம் தருவார், அவரே திரும்பவும் பெற்றுக்கொள்வார். மாற்றுத்திறனாளிகள் சான்றிதழின் நகலையும் இணைக்க வேண்டும்.

வயது விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கப்படுவது வாக்காளர் பட்டியலில் உள்ள வயதுதான். நம் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி ஏதோ ஒரு கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. 88 வயதுக்காரர் பட்டியலில் 79 ஆக இருந்தால் இந்த வசதி கிடைக்காது. தேர்தல் வரும்வரை காத்திராமல் இப்போதே பட்டியலைப் பாருங்கள். தவறு இருந்தால் 8ஆம் எண் படிவத்தில் திருத்தம் கேளுங்கள்.

வீட்டில் நடப்பது என்ன?

தேர்தல் அலுவலர்கள், காவலர், வீடியோ எடுப்பவர் ஆகியோர் அடங்கிய குழு, முன்கூட்டித் தெரிவித்த நாளில் வரும். வேட்பாளர்களுக்கும் இந்த அட்டவணை தரப்படுகிறது. அவர்கள் தம் பிரதிநிதியை அனுப்பலாம். வாக்காளர் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். மூன்றாம் முறை கிடையாது. ஆகவே அந்த நாட்களில் பெரியவரை வெளியூருக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

வாக்காளர் சீட்டில் மறைவாகக் குறியிட்டு, மடித்து, சிறிய உறையில் வைத்து ஒட்ட வேண்டும். தனியாக உள்ள உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமோ கைரேகையோ இட வேண்டும். வந்திருக்கும் அலுவலர் அதில் சான்றொப்பம் இடுவார். பிறகு இரண்டையும் பெரிய உறையில் வைத்து ஒட்டுவார்கள். கையொப்பம் உறுதிமொழியில் மட்டுமே இருக்க வேண்டும். வாக்குச் சீட்டில் பெயரோ, கையொப்பமோ, ஆளை அடையாளம் காட்டும் எந்தக் குறியோ இருந்தால் அந்த வாக்கு செல்லாது.

சிறு குறையின் விலை

2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. அங்கே 203 தபால் வாக்குகள், உறுதிமொழியில் சான்றொப்பமிட்டவர் அதற்குத் தகுதியுள்ள அதிகாரி அல்ல என்று நிராகரிக்கப்பட்டிருந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2019 அக்டோபரில் நீதிமன்ற உத்தரவின்படி அவை எண்ணப்பட்டன, ஆனால் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. வாக்களித்தவர்கள் குறியிட்டது சரியாகவே இருந்திருக்கலாம். உறையோடு வந்த தாளில் எழுந்த கேள்வியே அத்தனை ஆண்டு வழக்காயிற்று.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தபால் தேர்தலுக்குத் தனி விதி வகுக்கிறது. ஆரிகன் மாநில மக்கள் 1998இல் வாக்கெடுப்பு நடத்தி, எல்லா வாக்காளருக்கும் தபாலிலேயே சீட்டு அனுப்பும் முறையை ஏற்றார்கள். அங்கே உறையில் உள்ள கையொப்பம் பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் வாக்காளருக்குத் தெரிவித்து, தேர்தல் நாளுக்குப் பின்னும் சரிசெய்ய அவகாசம் தருகிறார்கள். நம் முறையில் உறை ஒட்டிய பிறகு அப்படியொரு வாய்ப்பு இல்லை. எனவே கவனம் முன்னதாகவே வேண்டும்.

குறி யாருடையது?

கடைசியாகச் சொல்வது பிள்ளைகளுக்கு. வாக்கு என்பது சாட்சியம் போன்றது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒருவருடைய சாட்சியத்தை இன்னொருவர் சொல்ல முடியாது. பார்வை இல்லாதவரும் கை நடுங்குபவரும் வயது வந்த ஒருவரின் துணையைப் பெற விதி இடம் தருகிறது. துணைக்கு நிற்பவர் அவர் சொன்ன இடத்தில் குறியிட வேண்டும், அதை வெளியே சொல்லவும் கூடாது. “உம்மாவுக்கு என்ன தெரியும், நானே போட்டுவிடுகிறேன்” என்பது உதவி அல்ல, அமானிதத்தில் மோசடி. எந்தக் கட்சிக்கு என்று நம் டிரஸ்ட் சொல்வதில்லை, வீட்டாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்த தேர்தல் வருமுன் மஹல்லாவில் 85 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள் பெயர்களை எழுதிவைக்க இருக்கிறோம். ஜும்ஆ தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் உங்கள் வீட்டுப் பெரியவரின் பெயரையும், பட்டியலில் உள்ள வயதையும் கொடுங்கள். அறிவிக்கை வந்த அன்றே இன்ஷா அல்லாஹ் நாம் வீடு தேடி வந்து நினைவூட்டுவோம். முதலில் அந்த உம்மாவின் வீட்டுக்குப் போவோம்.