நெருப்பும் பனிக்கட்டியும்: ஐஸ்லாந்தில் ஒருநாள் மலைவழி

மலை அழியாதது என்பது நம்மவர் வழக்கு. உறுதிக்கும் பழைமைக்கும் மலையை உவமை கூறாத புலவர் அரியர். நாம் பிறந்த நாட்டளவில் இவ்வழக்குப் பொருந்துவதே. ஈழத்து நடுமலைநாட்டின் பாறைகள் பல கோடி ஆண்டுப் பழைமை உடையன. யாழ்ப்பாணத்திற் கிணறு வெட்டுவோர் காணுஞ் சுண்ணக்கல்லும் மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே கடலடியிற் படிந்தது. ஆயின் நம் கல்லூரி மேல்வகுப்பு மாணவர் பலரினும் வயதிற் குறைந்த குன்றுகள் இரண்டு இவ்வுலகில் உள. அவற்றுக்குப் பெயரும் உண்டு. பிறந்த மாதமும் எவர்க்குந் தெரியும். வழிகாட்டி ஒருவருடன் புறப்படுவோர் ஒரே பகலில் அவற்றின் அடிவாரத்தைக் கடந்து செல்லலாம். அவ்வழியையே இக்கட்டுரை தொடர்கின்றது.

ஐஸ்லாந்து, வட அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் நடுமேட்டின்மேல் அமைந்த தீவு. வட அமெரிக்கத் தகடும் ஐரோவாசியத் தகடும் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வீதம் விலகுகின்றன. இது நம் கைந்நகம் வளரும் வேகத்தினுங் குறைவு. எனினும் விலகல் நிற்பதில்லை. இடைவெளியைக் கீழிருந்து எழும் பாறைக் குழம்பு நிரப்பிக்கொண்டே இருக்கின்றது. அந்நாட்டின் நிலப்பரப்பிற் பத்தில் ஒரு பங்கு பனிக்கட்டியால் மூடப்பட்டுக் கிடக்கின்றது. ஆகவே எரிமலைகள் சில பனிக்கட்டியின் கீழேயே உறங்குகின்றன.

தென்கரையிலுள்ள ஸ்கோகார் என்னுஞ் சிற்றூரில் வழி தொடங்குகின்றது. அங்கிருந்து தோர்ஸ்மொர்க் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 25 கிலோமீற்றர். ஏறவேண்டிய உயரம் 1,000 மீற்றர் அளவினது. நடப்பதற்கு எட்டு முதற் பத்து மணிநேரஞ் செல்லும். யூன் நடுப்பகுதிக்கும் செப்டெம்பர்த் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட காலமே ஏற்றது. யூன் மாதத்தில் அங்கே இரவு முற்றாக இருள்வதில்லையாதலின், பொழுது சாய்ந்துவிடுமே என்ற கவலை இல்லை. கவலை முழுவதும் காற்றையும் மூடுபனியையும் பற்றியதே.

ஊரெல்லையிலேயே 60 மீற்றர் உயரத்திலிருந்து ஸ்கோகா ஆறு அருவியாய் விழுகின்றது. அருவி விழும் பாறைச்சுவர் ஒரு காலத்திற் கடற்கரையாய் இருந்தது. இன்று கடல் ஏறக்குறைய 5 கிலோமீற்றருக்கு அப்பால் உளது. இடைப்பட்ட சமநிலம், பனிக்கட்டியாறுகளின் வெள்ளங்கள் கொணர்ந்து குவித்த கருமணலால் ஆயது. நடப்போர் படியேறி அருவியின் தலையை அடைந்தபின் ஆற்றின் கரையோடு மேற்செல்வர். இருபதுக்கு மேற்பட்ட அருவிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். முதல் ஐந்தாறு அருவிகளில் எல்லாரும் நின்று நின்று பார்ப்பர். பத்தாவதை எண்ணுவோர் சிலரே. ஆற்றைப் பாலத்தாற் கடந்தவுடன் பசுமை ஒழிந்து, சரளைக் கல்லும் அழுக்கேறிய பனித்திடலுமே எஞ்சும்.

பசுமை ஒழியும் இவ்விடத்திலேதான் வழிகாட்டியின் தொழில் உண்மையில் தொடங்குகின்றது. கீழே அவர் கதை சொல்பவர்; மேலே அவர் குழுவின் தலைகளை எண்ணுபவர். யார் பேச்சைக் குறைத்துவிட்டார், யாருடைய சப்பாத்து நனைந்துவிட்டது, யார் கையுறையைக் கழற்றி மாட்ட இயலாமல் தடுமாறுகின்றார் என்பவற்றை அவர் பார்த்துக்கொண்டே நடப்பார். கணவாய்க்கு முன்னே ஒரு சிறு தங்குகுடில் உண்டு. மேலே ஏறுவதா, வந்த வழியே திரும்புவதா என்பது பெரும்பாலும் அங்கே தீர்மானிக்கப்படும். காசு கொடுத்து வந்தோம் என்று முணுமுணுப்போர் எக்குழுவிலும் இருப்பர். 1970ஆம் ஆண்டு மே மாதத்தில் இக்கணவாயிற் பனிப்புயலில் அகப்பட்ட ஒரு குழுவினரில் மூவர் குளிரால் மாண்டனர். அவர்களுக்கு அங்கே நினைவுக்குறி உளது. திரும்புவோம் என்று சொல்லுந் துணிவே ஒரு வழிகாட்டியின் முதற்றகுதி என்பது என் கருத்து.

கணவாயின் பெயர் பிம்வர்துஹால்ஸ். பிம் என்றால் ஐந்து. வர்தா என்றால் வழியறியக் குவித்த கற்குவை. ஹால்ஸ் என்றால் கழுத்து. நாம் ஐங்குவைக் கணவாய் எனலாம். மேற்கே எய்யாபியாட்லயோக்குட்ல், கிழக்கே மீர்தால்ஸ்யோக்குட்ல் என இரண்டு பனிக்கட்டிக் கவிப்புகள் இருபுறமும் நிற்க, இடையில் இக்கழுத்துக் கிடக்கின்றது. முன்னதன் பெயரை 2010இல் உலகத்து வானொலிகள் எல்லாம் சொல்லத் தடுமாறின.

அவ்வாண்டு மார்ச் 20ஆந் திகதி இரவு, பனிக்கட்டி மூடாத இக்கணவாயில் நிலம் பிளந்தது. பிளவிலிருந்து செங்குழம்பு ஊற்றுப்போற் பீறிட்டு வழிந்து, அயலிலுள்ள ஆழ்பள்ளங்களில் நெருப்பருவியாய் வீழ்ந்தது. மக்கள் பாதுகாப்பான தூரத்தில் நின்று அதனைப் பார்க்கத் திரண்டனர். ஏப்பிரல் 12ஆந் திகதியளவில் அஃது அடங்கியது. பீறிட்ட தணல்கள் குவிந்து இரண்டு குன்றுகளாயின. இடிக் கடவுளாகிய தோரின் மைந்தர் இருவர் பெயரால் அவை மாக்னி, மோதி எனப் பெயர் பெற்றன. உலகம் தீயால் அழியுங் காலத்தும் உயிர்தப்பித் தந்தையின் சம்மட்டியை ஏற்பவர் அவ்விருவர் என்பது அந்நாட்டுப் பழங்கதை. தீயிற் பிறந்த குன்றுகளுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்திராது.

ஏப்பிரல் 14ஆந் திகதி அதே எரிமலை மீண்டும் வாய் திறந்தது. இம்முறை உச்சியில், ஏறத்தாழ 200 மீற்றர் தடித்த பனிக்கட்டியின் கீழ். முந்தியது மக்கள் திரண்டு பார்த்த காட்சி. பிந்தியது ஒரு கண்டத்தின் விமானங்களை நிறுத்திய இடர். ஒரே மலையில் இரண்டு நாள் இடைவெளியில் இத்துணை வேறுபாடு ஏன் என்பதே மாணவர் இங்குக் கற்கவேண்டிய பாடம்.

காரணம் இரண்டு. கணவாயில் வழிந்தது பசால்ட் என்னுங் கரும்பாறைக் குழம்பு. அஃது இளகியது; உள்ளடங்கிய வாயு எளிதில் வெளியேறிவிடும். உச்சியில் எழுந்த குழம்பிற் சிலிக்கா மிகுதி. அது பிசுபிசுப்பு மிக்கதாதலின் வாயு அடைபட்டு வெடிக்கும். இஃது ஒன்று. மற்றொன்று நீர். கொதிக்குங் குழம்பு பனிக்கட்டியைத் தொட்டதும் பனிக்கட்டி நீராகி, நீர் ஆவியாகி விரிகின்றது. குழம்போ திடீரெனக் குளிர்ந்து கண்ணாடித் துகள்களாய்ச் சிதறுகின்றது. அடுப்பிற் காய்ந்த எண்ணெயிற் சிறிது நீர் தெறித்தால் என்ன நிகழும் என்பது வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்ததே. எரிமலைச் சாம்பல் என்கிறோம். விறகுச் சாம்பல்போல் மெத்தென்றதன்று அது. கூரிய விளிம்புடைய பாறைத்தூளும் கண்ணாடித்தூளும் அதில் உள்ளன. விமானப் பொறியின் வெப்பத்தில் அத்தூள் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982 யூன் மாதம் யாவாத் தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுட் புகுந்த பிரித்தானிய விமானமொன்றின் நான்கு பொறிகளும் நின்றுபோயின. சாம்பலை விட்டு வெளியேறிய பின்னரே அவை மீண்டும் இயங்க, விமானம் யக்கார்த்தாவில் இறங்கியது. அந்நினைவு இருந்தமையாலேயே 2010இல் ஐரோப்பியர் வான்வழியை மூடினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒரு இலட்சம் அளவிற் பறப்புகள் நின்றன. இலண்டனிலும் ஒஸ்லோவிலும் வாழும் நம் பழைய மாணவர் சிலரும் அந்நாள்களை மறந்திரார்.

உருகிய நீர் மறுபுறம் வெள்ளமாய் இறங்கியது. தாழ்நிலத்தில் ஏறத்தாழ 800 பேர் வீடுகளைவிட்டு அகற்றப்பட்டனர். பெருந்தெருவின் பாலத்தைக் காக்க, தெருவையே சில இடங்களில் வெட்டி வெள்ளத்திற்கு வழிவிட்டனர். பாலங் கட்டக் காலம் செல்லும், தெருவை விரைவில் நிரப்பலாம் என்ற அக்கணக்கு வியக்கத்தக்கது.

இத்தகைய வெள்ளத்திற்கு அந்நாட்டார் இட்ட பெயர் யோக்குல்லொய்ப். பனிக்கட்டியாற்றின் ஓட்டம் என்பது பொருள். அவ்வெள்ளம் பரப்பிய மணல்நிலத்திற்கு அவர் இட்ட பெயர் சாந்தூர். இவ்விரு சொற்களையும் உலகத்துப் புவியியலார் மாற்றாது எடுத்தாளுகின்றனர். நான்கு இலட்சம் பேருக்குக் குறைந்த ஒரு மக்களின் உழவருஞ் செம்மறி மேய்ப்பரும் ஆண்ட சொற்கள் அவை. சொல்லின் பரவலுக்குத் தொகை மட்டுங் காரணமன்று. கண்டதைக் கண்டவாறே பெயரிட்டு வழங்கியமையே காரணம். நமக்கோ பனி என்பது ஒரே சொல். வகுப்பில் அச்சொல்லைக் கேட்ட மாணவர் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்பதையே நினைப்பர். ஆதலின் வானத்திலிருந்து விழுவதை வெண்பனி என்றும், இறுகிக் கட்டியானதைப் பனிக்கட்டி என்றும், அது மலைச்சரிவில் மெல்ல நகருவதைப் பனிக்கட்டியாறு என்றும் பிரித்துக் கற்பித்தல் வேண்டும். கடைசிச் சொல்லைக் கேட்டு, கட்டியானது எவ்வாறு ஆறாகும் என்று வினவும் மாணவன் பாடத்தின் பாதியை அறிந்துவிட்டான் என்றே கொள்வேன்.

கணவாயின் கிழக்கேயுள்ள கவிப்பின் கீழ் கட்லா என்னும் பெரிய எரிமலை கிடக்கின்றது. 1918ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது வெடித்தபோது பனிக்கட்டிப் பாறைகளும் மணலும் கலந்த வெள்ளம் கடலுட் பாய்ந்து கரையையே முன்தள்ளியது. 2011 யூலையில் அக்கவிப்பின் கீழிருந்து வந்த வெள்ளமொன்று பெருந்தெருப் பாலத்தை அடித்துச் சென்றது.

மாக்னியைக் கடந்ததும் வழி செங்குத்தாய் இறங்கும். ஹெல்யர்கம்பூர் என்னும் ஒடுங்கிய முகட்டிற் பிடித்துச் செல்லச் சங்கிலி கட்டியுள்ளனர். ஹெல் என்பாள் அந்நாட்டு மறலி, பெயரே எச்சரிக்கை. அப்பால் மேடையொன்றும், பூனை முதுகுகள் என்னும் மெல்லிய வரப்புகளும் வரும். இப்பக்கத்து மலைகள் பழுப்பு நிறமுடையன. பனிக்கட்டியின் கீழ் வெடித்துச் சிதறிய கண்ணாடித்தூள் நாளடைவில் இறுகி ஆன பாறை அது. 2010 ஏப்பிரலில் ஐரோப்பாவின் வானத்தை மூடிய பொருளின் இனமே இங்கே மலையாய் நிற்கின்றது. பிற்காலத்துப் பனிக்கட்டியாறுகள் அம்மலையைக் குடைந்து பள்ளத்தாக்கு ஆக்கின.

தோர்ஸ்மொர்க் என்றால் தோரின் காடு. ஸ்கோகார் என்பதற்கும் காடுகள் என்றே பொருள். அங்கே பெயர் மட்டும் எஞ்சியது. ஒன்பதாம் நூற்றாண்டில் மக்கள் குடியேறியபின், கோடரிக்குஞ் செம்மறிக்கும் நாட்டின் காடுகள் இரையாயின. தோரின் காட்டில் 1920களில் வேலியிட்டுச் செம்மறிகளை விலக்கியதனால் பேர்ச்சு மரங்கள் மீண்டன. நாள்முழுதுங் கல்லையும் பனியையும் மிதித்து வந்தோர்க்கு, தலைக்கு மேல் உயர்ந்த அம்மரங்களே முதல் நிழல்.

அங்கிருந்து உயர்ந்த சில்லுகளையுடைய பஸ் வண்டி, பாலமில்லாத ஆறுகளை இறங்கிக் கடந்து தாழ்நிலத்திற்குத் திரும்பும். வழியில் இடப்புறம், உச்சியிலிருந்து இறங்கும் கீக்யோக்குட்ல் என்னும் பனிக்கட்டியாற்றின் நுனி தெரியும். 2010க்கு முன் எடுத்த படங்களில் அதன் முன்னே பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரியொன்று உண்டு. இப்பொழுது அவ்விடத்திற் சரளைக் கல் வெளியே கிடக்கின்றது.